ஹாங்கின் தொட்டியில் ஒரு ஹாவலீனாக் குட்டி

அக்காவின் கை ஒடிந்தது ஒரு பன்றிக் கூட்டத்தால் என்று போனில் கேள்விப்பட்டபோது, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. அமெரிக்காவில், முப்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் பன்றியா? பிறகுதான் விவரம் தெரிந்தது. பன்றிகள் அவளைத் தொடக்கூட இல்லை. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அவை நகர நகர இவளும் நகர்ந்து, படி இருப்பதை மறந்து விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

சரோஜா அக்கா அரிசோனாவில், டூசான் நகரத்தின் ஓரத்தில் தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகள் வேறு ஊரில் இருக்கிறாள், லீவு கிடைக்கவில்லை. தோப்பும்படியில் படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் எங்கள் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் புறப்பட்டேன். ஜூன் மாதம். காயலும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்த மழை நாளில் கொச்சியை விட்டேன்.

அமெரிக்காவில் இறங்கியதும் ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். உலர்ந்த செம்மீன், அதாவது இறால், பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

“இது சாப்பிடுவதா?” என்றார்.

“ஆமாம்.”

“நிச்சயமாக?”

இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் முகர்ந்துவிட்டு, “எங்கள் பாட்டி வீட்டிலும் இதே வாசனைதான்” என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாள். செம்மீன் தப்பித்தது. கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

டூசானில் வெயில் வேறு மாதிரி. கொச்சி வெயில் ஈரத்துணி போல மேலே ஒட்டும். இங்கே அது உடம்பிலிருந்து எதையோ உறிஞ்சிக்கொண்டு போகிறது. துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பளம் போல விறைத்து நிற்கிறது. மட்டாஞ்சேரியில் ஜூன் மாதத்தில் ஒரு பாவாடை காய்வதற்கு நாங்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதியம் அக்கா சொல்லச் சொல்ல நான் சமைத்தேன். மெக்சிகோக்காரர் கடையில் கப்பைக்கிழங்கு, நம் மரவள்ளி, கிடைத்தது, அங்கே வேறு பெயர். அதோடு முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல்களும் அடுக்கி வைத்திருந்தார்கள். “இதையா தின்கிறது?” என்றேன். நறுக்கித் தேங்காய் போட்டுத் தோரன் செய்யச் சொன்னாள். கொஞ்சம் வழவழப்பு, கொஞ்சம் புளிப்பு. வெண்டைக்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

“நீ முள்ளெடுத்துத் தின்றெ. சாயங்காலம் வருவாங்க பாரு, முள்ளோட தின்னுவாங்க,” என்றாள் அக்கா.

“யாரு, அந்தப் பன்னிகளா?”

“பன்னின்னு சொல்லாதெடி. அதுக வேற குடும்பமாக்கும். பெக்கரின்னு பேரு. இங்கத்த ஆளுக ஹாவலீனாம்பாங்க.”

அன்று சாயங்காலம் அவர்கள் வரவில்லை. அக்காவுக்கு என்னைவிட ஏமாற்றம்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் கைக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் கொச்சியில் ஸ்கூட்டர் ஓட்டுபவள், அங்கே அது உதவாது. அதனால் பஸ். திரும்பும் வழியில் பஸ் நடுரோட்டில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் கீழே இறங்கிச் சுற்றி வந்து, “இன்னொரு வண்டி வரும், ஆனால் எப்போது என்று கேட்காதீர்கள்” என்றார். கொச்சியில், வைட்டிலாவில் இப்படி நடந்தால் நாற்பது பேர் சேர்ந்து ஓட்டுநருக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே அத்தனை பேரும் சத்தமில்லாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். வீடு பக்கம்தானே என்று நாங்கள் இறங்கி நடந்தோம். நான் என் தோர்த்தை, கேரளத்தில் எல்லோர் தோளிலும் கிடக்கும் அந்த மெல்லிய ஈரிழைத் துண்டை, தலையில் கட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரத்திலேயே நடந்தது தப்பு என்று தெரிந்துவிட்டது.

ஒரு பழைய பிக்அப் வண்டி எங்களைத் தாண்டிப்போய், நின்று, பின்னோக்கி வந்தது. ஓட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரர்.

“சரோஜா, ஒரு கை ஒடிந்தது போதாதா? ஏறுங்கள்,” என்றார்.

அவர் பெயர் ஹாங்க். அக்காவின் அடுத்த வீட்டுக்காரர். பின்சீட்டில் படுத்திருந்த மஞ்சள் நாய் எழுந்து எனக்கு இடம் விட்டது. அதன் பின்னங்காலில் நீளமான தழும்பு. நான் பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

“உங்கள் அக்காவின் நண்பர்கள் செய்த வேலை,” என்றார். “காலைத் தொடையோடு கிழித்துவிட்டார்கள். அவள் அவர்களுக்குப் பெயர் வைக்கிறாள். நான் நாய்க்குத் தையல் போடுகிறேன்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் பின்னால் மழைநீர் சேமிக்கத் தரைக்குள் ஒரு தொட்டி கட்டுகிறாராம். ஜூலையில் மழை வருமாம், அதற்குள் பூச்சு முடிய வேண்டுமாம். மழையைப் பிடிக்கக் குழி தோண்டும் மனிதரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் வந்த மழையை வெளியே தள்ளத்தான் பாடுபடுகிறோம்.

மறுநாள் விடிகாலையில் அக்கா என்னை எழுப்பினாள். வீட்டுக்குப் பின்னால் சற்று நடந்தால் ஒரு பள்ளம். அகலமான மணல்தரை, இருபுறமும் முள்மரங்கள்.

“இது ஆறாக்கும்,” என்றாள்.

“தண்ணி?”

“வரும்போது வரும். வாயை மூடிட்டு உக்காரு. காத்து நம்ம முகத்துல அடிக்குதா பாத்துக்கோ. அதுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மூக்குதான் எல்லாம்.”

ஒரு பாறையின் பின்னால் உட்கார்ந்தோம். முதலில் வந்தது வாசனை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பெருங்காயமும் உலர்மீனும் அடுத்தடுத்த கடைகளில் இருக்கும் இடத்தில் பிறந்து வளர்ந்த மூக்கு என்னுடையது. ஆனாலும் இது புதிது. பழைய பூண்டும் கருகிய ரப்பரும் கலந்ததுபோல் ஒரு நெடி. அப்புறம் மரத்தடியின் இருட்டு மெதுவாக அசைந்தது. அது இருட்டல்ல, ஹாவலீனாக்கள்.

முழங்கால் உயரம்தான். மிளகையும் உப்பையும் கலந்து தூவியதுபோன்ற சொரசொரப்பான மயிர். பெரிய தலை, அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய கால்கள். கழுத்தைச் சுற்றித் தோள்வரை வெளிறிய பட்டை, கட்சிக்காரர்கள் தோளில் போட்ட துண்டு மாதிரி. பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஆணெது பெண்ணெது என்று அக்காவாலேயே சொல்ல முடியவில்லை. பெரியவை எல்லாம் ஒரே அளவு. ஒன்றையொன்று அதட்டி மிரட்டும் தலைவன் என்று யாரும் தெரியவில்லை.

ஒன்று சப்பாத்திக்கள்ளி மடலைக் கடித்து இழுத்துத் தரையில் போட்டது. குளம்பால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, பல்லால் தோலை உரித்து உள்ளே இருந்த சதையைத் தின்றது. தோல் உரித்து அலுத்துப்போனதோ என்னவோ, அடுத்த மடலை முள்ளோடு அப்படியே மென்றது. தண்ணீரே இல்லாத இந்த மாதங்களில் அந்த மடலில்தான் அவற்றுக்குத் தண்ணீரும் என்றாள் அக்கா.

“பல்லைப் பாரு. நம்ம காட்டுப்பன்னிக்குக் கொம்புப்பல்லு வளைஞ்சு வெளியே வரும். இதுகளுக்கு நேரே கீழே. வாயை மூடினா மேலதும் கீழதும் உரசி, தன்னாலெ கூராகும்.”

தின்றுகொண்டிருந்த இரண்டு திடீரென்று எதிரும் புதிருமாக நின்றன. ஒன்றின் முகம் மற்றதன் பின்முதுகில். அப்படியே தலையை மேலும் கீழுமாகத் தேய்த்தன. முதுகின் பின்பகுதியில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அந்த நெடி அதிலிருந்துதான் வருகிறது. கூட்டத்தில் எல்லோரும் எல்லோர்மேலும் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே வாசனை. இருட்டிலும் புதரிலும் தன் ஆளா வேற்றாளா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கின்றன.

பிறகு நான் இரண்டு குட்டிகளைப் பார்த்தேன். செம்பழுப்பு நிறம், முதுகில் கருங்கோடு, தேங்காய் அளவு. தாயின் வயிற்றுக்குக் கீழேயே, அவள் கால்களுக்கு நடுவில் நடந்தன. அவள் நின்றால் நின்றன. கொஞ்சம் வளர்ந்த இன்னொரு பெண், முந்தைய ஈற்றில் பிறந்த அக்காவாக இருக்கும் என்றாள் சரோஜா அக்கா, பின்னால் வந்து நிற்க, ஒரு குட்டி அவளிடமும் பாலுக்கு முட்டிப் பார்த்தது. அவள் நகராமல் நின்று கொடுத்தாள்.

மணலின் அந்தக் கரையில் ஒரு கயோட்டி, நரியைவிடப் பெரிய ஓநாய்ச் சாதி, தலைகாட்டியது. கூட்டத்தில் யாரோ “வுஃப்” என்று ஒரு சத்தம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பெரியவையெல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. முதுகு மயிர் சிலிர்த்து, ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. பற்கள் மோதிக்கொண்டன, பஜனையில் சப்ளாக்கட்டை தட்டுவது மாதிரி. குட்டிகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. கயோட்டி வேறு வேலை நினைவுக்கு வந்ததுபோல் திரும்பிப் போய்விட்டது.

அதன்பிறகு அக்கா எழுப்புவதற்கு முன்பே நான் எழ ஆரம்பித்தேன்.

ஒரு நாள் ஆற்றுப் பள்ளத்தில் யாரும் இல்லை. ஏமாற்றத்தோடு திரும்பி வந்து சாயா போட்டுக்கொண்டிருந்தபோது ஹாங்க் வீட்டு நாய் விடாமல் குரைப்பது கேட்டது. வேலிப் பக்கம் போய்ப் பார்த்தோம். முழுக் கூட்டமும் அவருடைய கொல்லையில் நின்றது. சூரியன் நன்றாக ஏறியிருந்தது. அந்த நேரத்தில் அவை எங்காவது குளிர்ந்த மணலில், மர நிழலில் படுத்திருக்க வேண்டும். வெட்டவெளியில் வாய் பிளந்து இளைத்தபடி நின்றன. நடுவில் அந்தத் தொட்டிக்குழி. ஒரு தாய் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டிதான் ஓடியது.

இன்னொன்று உள்ளே இருந்து கீச்சிட்டது.

ஹாங்க் நாயை உள்ளே அடைத்துவிட்டு வராந்தாவில் நின்றிருந்தார். “நான் இவர்களை அழைக்கவில்லை,” என்றார். “போன் செய்திருக்கிறேன். காட்டு மிருகங்களைப் பிடிக்கிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார்களாம். சாயங்காலம் வருவார்கள்.”

“சாயங்காலத்துக்குள் அது செத்துவிடும், ஹாங்க்,” என்றாள் அக்கா.

அவர் வராந்தாவின் ஓரத்துக்கு வந்தார். குழியைப் பார்த்தார். சிமெண்டுச் சுவர், என் உயரத்துக்கு, வழவழவென்று. சூரியன் நேராக உள்ளே விழ ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குள் போய் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் முன்வாசலைச் சுற்றி அவரிடம் போனோம்.

கூட்டத்துக்கு நடுவே நடந்து போக முடியாது என்று, சாரத்துக்கு வைத்திருந்த ஒரு நீளப் பலகையை வண்டியின் பின்னால் ஏற்றினார். நான் அதைத் தடவிப் பார்த்தேன். குளம்பு வழுக்கும். “இப்படியே போட்டால் ஏறாது,” என்றேன். எங்கள் அப்பாவுக்குப் பஜார் ரோட்டில் காயலைப் பார்த்த கிடங்கு இருந்தது. பின்பக்கம் வள்ளம் வந்து நிற்கும். கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவே பலகை போடுவார்கள், மிளகு மூட்டையோடு ஆட்கள் அதன்மேல் ஓடுவார்கள். கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே சட்டங்கள் அடித்திருக்கும். ஹாங்கிடம் அதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்காமல் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். அவர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, நான் அடித்தேன். அக்கா ஒற்றைக் கையால் ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

வண்டியைப் பின்னோக்கி மெல்லக் குழியின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். கூட்டம் பின்வாங்கியது, ஆனால் ஓடவில்லை. சப்ளாக்கட்டைச் சத்தம் எல்லாப் பக்கமும். வண்டியில் நின்றபடியே பலகையின் மேல்முனையை விளிம்பில் வைத்து உள்ளே சரித்துவிட்டுக் காத்திருந்தோம். குட்டிக்கு அது என்னவென்று தெரியவில்லை. மூலைக்கு ஓடியது, சுவரில் முட்டியது, விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஓடுவதையும் விட்டுவிட்டது. பக்கவாட்டில் படுத்து, வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

ஹாங்குக்கு இரண்டு முழங்கால் மூட்டும் ஆபரேஷனில் மாற்றியவை. அக்காவுக்குக் கையில் கட்டு. நான் தோர்த்தைத் தண்ணீரில் நனைத்து, அவருடைய தோல் கையுறையை மாட்டினேன்.

“வேண்டாம்டி ரமணி,” என்றாள் அக்கா. “தாய்ப்பன்னி கிழிச்சிடும்.”

அந்த நேரத்தில்கூட அவள் பன்னி என்று சொன்னது என் காதில் விழுந்தது.

பலகை வழியாக இறங்கினேன். உள்ளே அடுப்புக்குள் நிற்பதுபோல் இருந்தது. குட்டியின்மேல் ஈரத்துண்டைப் போட்டு வாரி எடுத்தேன். எடையே இல்லை. அது ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு, அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ, வீறிட்டது.

தலைக்கு மேல் வெளிச்சம் மறைந்தது. தாய் உள்ளே குதித்துவிட்டாள்.

நான் குட்டியைத் தரையில் விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டினேன். என் முழங்காலுக்கு எட்டும் தூரத்தில் அவள். மயிரெல்லாம் நட்டுக்கொண்டு, பல் மேல் பல் அடித்துக்கொண்டு.

“அனங்காதெ!” மேலேயிருந்து அக்கா கத்தினாள். “கண்ணு தெரியாதுடி அதுக்கு! அசையாம நில்லு!”

நின்றேன். மூச்சைக்கூட விட்ட நினைவில்லை. தோர்த்துக்குள்ளிருந்து குட்டி உதறிக்கொண்டு வெளியே வந்தது. தாய் அதை முகர்ந்தாள். சட்டென்று தலையைத் தூக்கிப் பின்வாங்கினாள். எனக்குப் புரிந்துவிட்டது. அதன்மேல் இப்போது என் வாசனை. தேங்காயெண்ணெய், சமையல், மனுஷி. வாசனைதான் குடும்பம் என்று அக்கா சொல்லியிருந்தாளே. காப்பாற்றப் போய் அனாதையாக்கிவிட்டேனே. பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

அவள் மறுபடி முகர்ந்தாள். காதருகே, வயிற்றில், வாயருகே. இந்த முறை நீண்ட நேரம். குட்டி தள்ளாடிக்கொண்டே போய் அவள் பின்முதுகுக்குக் கீழே முகத்தைப் புதைத்தது. அவள் திரும்பி, தன் உடம்பை அதன்மேல் அழுத்தித் தேய்த்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வள்ளத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் வருமே, அந்த மாதிரி. மயிர் தணிந்தது.

சுவரில் இரண்டு முறை தாவிப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கைத் தரையில் வைத்துத் தேடிக்கொண்டே வந்தவள் பலகையைக் கண்டுபிடித்தாள். ஒரு குளம்பு முதல் சட்டத்தில். டொக். அடுத்தது. வயிற்றுக்குக் கீழே குட்டி. பாதி வழியில் அதன் பின்னங்கால் வழுக்கியது. சட்டத்தில் மாட்டி நின்றது. ஏறியது.

நான் மேலே வந்தபோது, அதாவது ஹாங்க் என் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் உட்கார வைத்தபோது, கூட்டம் குட்டியைச் சூழ்ந்து நின்றிருந்தது. ஒவ்வொன்றாக வந்து முகர்ந்து, உரசிவிட்டுப் போனது. அந்த இரண்டாவது குட்டி வந்து இதன்மேல் ஏறி விழுந்தது. அப்புறம் எல்லோரும் வரிசையாக ஆற்றுப் பள்ளத்தை நோக்கி நடந்தார்கள். ஓடவில்லை. வெயிலில் அவ்வளவு நேரம் நின்ற களைப்பு அந்த மெல்லிய கால்களில் தெரிந்தது. ஒன்றுகூட முன்னால் போய்விடவில்லை. குட்டியின் நடைக்குத்தான் எல்லோரும் நடந்தார்கள்.

அக்கா அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். ஹாங்க் சுத்தியலையும் மிச்ச ஆணிகளையும் பொறுக்கி எடுத்து வைத்தார்.

“காலைக் கிழித்துக்கொண்ட அன்றைக்கு என் நாய் ஒரு குட்டியைத் துரத்திக்கொண்டுதான் ஓடியது,” என்றார் கடைசியில். “அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.”

அன்று மதியமே தொட்டியைப் பலகை போட்டு மூடினார். சாயங்காலம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். கப்பையும், செம்மீனை இடித்துச் செய்யும் சம்மந்தித் துவையலும் வைத்தேன். முதல் கவளத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, இருந்தும் தட்டைக் காலி செய்தார்.

அக்காவின் கட்டு பிரிப்பதற்கு முன்பே கடைக்குப் போயாக வேண்டியிருந்ததால் நான் திரும்பிவிட்டேன். ஊரில் எல்லோரும் கிராண்ட் கேன்யன் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை. நான் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தால், பன்றியைப் பார்க்கவா அவ்வளவு தூரம் என்கிறார்கள்.

ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றிருந்தபோது அக்காவின் போன் வந்தது. இங்கே சாயங்காலம், அங்கே விடிகாலை. குரல் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது.

“மழை பெய்ஞ்சு ஆத்துல தண்ணி ஓடுச்சுடி. இப்ப எங்க பாத்தாலும் பச்சை. பாறைக்குப் பின்னாடி உக்காந்திருக்கேன். வந்திருக்காங்க.”

“குட்டி?”

“ரெண்டும் இருக்கு. செவப்பெல்லாம் போயாச்சு. கழுத்துல பட்டை தெரியத் தொடங்கியாச்சு.”

“விழுந்தது எதுன்னு தெரியுதா?”

“எனக்குத் தெரியில்ல. ரெண்டும் ஒரே மாதிரி. இவரு என்னடான்னா, பின்னாடி வர்றதுதான்னு சத்தியம் பண்றாரு.”

இவர் யார் என்று நான் கேட்பதற்குள் அவள் பக்கத்திலிருந்து ஹாங்கின் குரல் அடங்கிய தொனியில் கேட்டது: “சரோஜா, போனை வை. காற்று திரும்புகிறது.”

அக்கா உடனே வைத்துவிட்டாள்.